மட்டை வளைந்த படம்

அத்தியாயம் 17

மூன்று வருடமாக அந்த வீட்டில் தபால்காரி உத்தியோகம் சின்னவளுக்குத்தான்.

அம்மா சொல்வதை அக்காவிடம் சேர்ப்பாள். அக்கா சொல்வதை அம்மாவிடம் சேர்ப்பாள். வழியில் சூட்டைக் கொஞ்சம் ஆற்றிவிடுவாள். "அந்த மகாராணிக்கு வீட்டு ஞாபகம் எல்லாம் இருக்கா?" என்று கிளம்பும் செய்தி, அக்காவின் காதில் விழும்போது "அம்மா உன்னை விசாரிச்சாங்க" என்று ஆகியிருக்கும். அப்பா லாரியோடு வெளியூர் போனால் வாரத்துக்கு ஒருமுறைதான் வருவார். வந்தாலும் இந்த விஷயத்தில் அவர் 'எனக்கு எதுக்கு வம்பு' கட்சி.

எல்லாம் பெரியவள் மருந்துக்கடை வேலையை விட்டுவிட்டு கோல்ஃப் ஆடப் போன நாளில் ஆரம்பித்தது. "குச்சிய வச்சுப் புல்லைத் தட்டறதுக்கா உன்னை அவ்ளோ வருஷம் படிக்க வச்சேன்?" என்று அம்மா கேட்டாள். பெரியவள் பையைத் தூக்கிக்கொண்டு போனாள். அதற்கப்புறம் தாய்க்கும் மகளுக்கும் நேர்ப்பேச்சு இல்லை.

போன வாரம்தான் பெரியவள் தகுதிச் சுற்றில் கடைசி இடத்தை எட்டிப் பிடித்து, முதல்முறையாக ஒரு பெரிய போட்டிக்குள் நுழைந்தாள். செய்தி கேட்ட மூன்றாம் நாள் அம்மாவின் தையல் மேஜை மேல் கடல்நீலத்தில் ஒரு சட்டை மடித்துக் கிடந்தது.

"கொண்டுபோய்க் குடு. பழைய அளவுதான். சரியா இருக்கான்னு மட்டும் கேட்டுட்டு வா."

"நீயே வந்து பாரேம்மா. வியாழக்கிழமை ஆட்டம்."

"நான் எதுக்கு? புல்லு வளர்றதப் பாத்துட்டு நிக்கவா?" அம்மா ஊசியில் நூல் கோத்தாள். "அவ அங்க செய்யறது ஒரு வேலைன்னு என் கண்ணுக்குத் தெரியணும். டீவியில அவளக் காட்டவே மாட்டேங்கறான். நீ ஃபோன்ல எடுத்தா எறும்பு மாதிரி தெரியறா. ஒழுங்கா ஒரு படம் கொண்டா. ஒண்ணே ஒண்ணு. பாத்து எனக்கு வெளங்கிச்சுன்னா வரேன்."

மூன்று வருடத்தில் அம்மாவின் வாயிலிருந்து 'வரேன்' என்ற சொல் வந்தது அதுதான் முதல் தடவை. சின்னவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் போட்டி நடத்துகிறவர்களின் விதி கறாராக இருந்தது. பார்வையாளர்கள் கேமரா கொண்டுவரலாம், பயிற்சி நாளில் மட்டும். வியாழன் முதல் ஞாயிறு வரை கூடாது. ஆக மொத்தம் ஒரே ஒரு நாள்.

அந்த நாள் விடிந்திருந்தது.

*

காலை ஆறேகாலுக்கு ஃபிளாஷின் ஸ்டூடியோ கதவை அவள் தட்டினாள்.

ஃபிளாஷ் அவளுடைய அத்தை மகன். கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவன். சின்ன வயதில் கண்ணை ஓயாமல் கொட்டிக்கொண்டே இருப்பான், அதனால் வந்த பெயர். தொழில் பிறகுதான் வந்து ஒட்டிக்கொண்டது.

"வா வா, பத்திரிகை நிருபரே," என்றபடி பால் கேன் அளவுக்கு ஒரு லென்ஸைத் தூக்கி மேஜையில் வைத்தான். மேஜை முனகியது. "அறுநூறு மில்லிமீட்டர். உனக்காகத் தெரிஞ்சவர்கிட்ட கெஞ்சி வாங்கினேன். இத வச்சா பந்துல இருக்கற குழியக்கூட எண்ணலாம்."

"இத நான் தூக்கிட்டு நடக்கணுமா, இல்ல இது என்னைத் தூக்கிட்டு நடக்குமா?"

"கழுத்துல மாட்டிக்க."

"எலும்பு டாக்டர் கிளினிக்ல வேலை செய்யறவ நான். கழுத்து எலும்பு எப்படித் தேயும்னு உனக்குப் படமே காட்டுவேன்."

அவள் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தாள். விதிகள். பதினொரு தடவை படித்து, சிவப்பு மையால் கோடு போட்டு, கோட்டின் மேலேயே இன்னொரு கோடும் போட்டிருந்தாள். அடுத்து எடுத்தது அம்மாவின் அளவு நாடா.

"லென்ஸ் எட்டு அங்குலத்துக்கு மேல கூடாதுன்னு போட்டிருக்கு." நாடாவை நீட்டினாள். "பதினேழு. இது வெளிய."

"ஏய், கெஞ்சி வாங்கினேன்னு சொன்னேன்ல..."

"திரும்பக் கெஞ்சிக் குடுத்துடு. அடுத்தது?"

அடுத்தது அவன் கல்யாணங்களில் பயன்படுத்தும் எழுபது–இருநூறு மில்லிமீட்டர் லென்ஸ். நாடாவுக்கு அது சரிப்பட்டது. ஃபிளாஷ்தான் தலையாட்டினான். "உங்கக்காவுக்கும் உனக்கும் நடுவுல கயிறு கட்டியிருப்பாங்க. அவ நிக்கற இடம் அம்பது மீட்டராவது தள்ளி இருக்கும். இதுல எடுத்தா அவ பாதி, புல்லு மீதி. அத்தைக்குப் புல்லு பிடிக்காதுன்னுதானே இவ்ளோ கூத்து?"

மூன்றாவதை அவனே அளக்கச் சொல்லி நீட்டினான். நூறு–நானூறு. ஏழேமுக்கால் அங்குலம். கேமராவோடு சேர்த்து இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. அவள் வாரைத் தோளுக்குக் குறுக்காக மாட்டிக்கொண்டு மேஜையைச் சுற்றி நடக்க ஆரம்பித்தாள்.

"என்ன பண்ற?"

"பதினெட்டு குழி. எட்டு கிலோமீட்டர் நடக்கணும். ஸ்டாண்டு கொண்டுபோகக் கூடாது, ஒத்தக்கால் ஸ்டாண்டும் கூடாது. தோள் தாங்குமான்னு பாக்கறேன்." பன்னிரண்டு சுற்று முடித்து நின்றாள். "தாங்கும்."

அடுத்து கேமரா. ஃபிளாஷின் பழைய கேமரா ஒவ்வொரு படத்துக்கும் 'தடக் தடக்' என்று தையல் மெஷின் மாதிரி அடித்தது. கோல்ஃப் மைதானத்தில் ஒருவர் மட்டையைத் தூக்கும்போது பக்கத்தில் இருப்பவர் தும்மினாலே முறைப்பார்கள். அதனால் புதியதை எடுத்தான். அதில் சத்தமே இல்லாமல் எடுக்க ஒரு வசதி இருந்தது.

"அப்ப இதுலயே வச்சிடறேன். பிரச்சனை முடிஞ்சுது."

"அங்கதான் ஆரம்பிக்குது." ஃபிளாஷ் மேஜை விசிறியைச் சுழலவிட்டு, சத்தமில்லாமல் ஒரு படம் எடுத்துக் காட்டினான். விசிறியின் இறக்கைகள் அரிவாள் மாதிரி வளைந்திருந்தன. "சத்தமில்லாம எடுக்கறப்ப கேமரா ஒரே பார்வையில பாக்காது. மேலருந்து கீழ வரிவரியாப் படிச்சுட்டு வரும். அது கீழ வந்து சேர்றதுக்குள்ள மட்டை வேற எடத்துக்குப் போயிருக்கும். படத்துல மட்டை வளைஞ்சு விழும்."

கேமராவின் மேலே சுழற்றுகிற திருகியில் ஒன்று, இரண்டு என்று எண்கள் இருந்தன. ஒன்றில் சத்தமில்லாத முறையையும் இரண்டில் சத்தமுள்ள முறையையும் பதிந்துவைத்தான். மறக்காமல் இருக்க, ஒரு துண்டு வெள்ளை ஸ்டிக்கரில் எழுதிக் கேமராவின் முதுகில் ஒட்டினான். *ஒன்று – மௌனம். இரண்டு – வாய்.*

"பந்து கெளம்பற வரைக்கும் மௌனம். பந்து போனதும் வாய். உங்க வீட்டு ஆளுங்களுக்கு இது கஷ்டம்தான். பேசக் கூடாதப்ப பேசுவீங்க, பேச வேண்டியப்ப மூணு வருஷம் பேச மாட்டீங்க."

சின்னவள் சிரிக்கவில்லை. அவள் வேலையும் படம் எடுப்பதுதான். எக்ஸ்ரே. 'மூச்ச இழுத்துப் புடிங்க, அசையாதீங்க, ஆங், விடலாம்' என்று ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் சொல்வாள். அசைகிற ஆளை அவள் எடுத்ததே கிடையாது.

"பயமா இருக்குடா."

"உன் பேஷன்ட் அசைஞ்சா படம் போச்சு. இங்க அசையலைன்னா படம் போச்சு. அவ்ளோதான் வித்தியாசம். கெளம்பு, எனக்கு ஒன்பது மணிக்கு ஒரு மாப்பிள்ளை காத்துட்டிருக்கார்."

*

வாசல் காவலர் லென்ஸை உற்றுப் பார்த்துவிட்டு வாயைத் திறப்பதற்குள், சின்னவள் நாடாவை இழுத்துக் காட்டிவிட்டாள். "ஏழேமுக்கால்."

"நான் டிக்கெட் எங்கேன்னுதாம்மா கேக்க வந்தேன்," என்றார் அவர்.

அக்கா முதல் குழிக்குப் பந்தடிக்கத் தொடங்கும் இடத்தில் நின்றிருந்தாள். கடல்நீலச் சட்டை. தூரத்திலிருந்தே தங்கையைக் கண்டுபிடித்து இடது கையைத் தூக்கி ஆட்டினாள். பிறகு கயிற்றருகே வந்தாள்.

"இது என்னடி, பீரங்கி?"

"பேசாத, எனக்கு நடுங்குது. சட்டை சரியா இருக்கான்னு அம்மா கேக்கச் சொன்னாங்க."

"இருக்கு." அக்கா காலரைத் தொட்டாள். "தோள்கிட்ட மட்டும் கொஞ்சம்... இல்ல, ஒண்ணும் இல்ல. சரியா இருக்குன்னே சொல்லு."

"பழைய அளவுதானே?"

"அதான் சரியா இருக்குங்கறேன்ல." அக்கா சிரித்தாள். "அம்மா உண்மையிலயே அப்படிச் சொன்னாங்களா? ஒரு படம் பாத்தா வரேன்னு?"

"என் காதால கேட்டேன்."

"அப்ப ஒழுங்கா எடு," என்று சொல்லிவிட்டு அக்கா போனாள். போகும்போது சிரிப்பு இல்லை.

இரண்டாவது குழியில் ஆபத்து வந்தது. அக்காவோடு ஆடிய வெள்ளைத் தொப்பிக்காரப் பெண் அடிக்கத் தயாரானாள். தன்னார்வலர் ஒருவர் 'அமைதி' என்ற அட்டையைத் தூக்கிப் பிடித்தார். சின்னவள் பழக்கத்துக்கு ஒரு படம் எடுத்துப் பார்ப்போமே என்று பொத்தானை அழுத்தினாள்.

திருகி இரண்டில் இருந்தது. வாய்.

டடடடடடடக்.

வெள்ளைத் தொப்பிக்காரி பாதியில் மட்டையை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அவளோடு சேர்ந்து இருபது முப்பது முகங்கள் திரும்பின. ஒரு இருமல்கூட இல்லை.

"அது என் தங்கச்சி," என்றாள் அக்கா, கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "மன்னிச்சிடு. எங்க வீட்டுல எல்லாருமே இப்படித்தான்."

வெள்ளைத் தொப்பிக்காரி சிரித்துவிட்டாள். தன்னார்வலர் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவ சத்தம் கேட்டுச்சு, வாசல் வரைக்கும் நானே கொண்டுவந்து விடுவேன்," என்றார்.

வெளியே அனுப்பிவிட்டால் படம் இல்லை. படம் இல்லையென்றால் அம்மா இல்லை. திருகியை ஒன்றுக்குத் திருப்பினாள். அது தானாக நகர்ந்துவிட்டால்? கைப்பையைத் துழாவினாள். கிளினிக்கிலிருந்து எப்போதும் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டர் சுருள் கிடைத்தது. ஒரு துண்டு கிழித்துத் திருகியின் மேல் அழுத்தி ஒட்டினாள். அதற்குக் குறுக்கே, கேமராவின் முதுகு வரைக்கும் இன்னொன்று. கட்டுப் போட்ட கை மாதிரி இருந்தது கேமரா.

ஃபிளாஷின் ஸ்டிக்கரும் அந்தப் பிளாஸ்டருக்கு அடியில் போய்விட்டது. அதை அவள் கவனிக்கவில்லை.

அதன்பின் அவளுக்கு வேலை பிடிபட ஆரம்பித்தது. கயிறு வளைகிற மூலைகளில் நின்றால் அக்காவின் முகம் நேராகக் கிடைத்தது. அக்கா அடித்து முடித்து நடக்கத் தொடங்கும் முன்பே, கூட்டத்துக்கு முந்தி அடுத்த மூலைக்கு ஓட வேண்டும். லென்ஸ் முழங்காலில் இடித்தது. ஓடினாள். ஐந்தாவது குழியில் ஒரு புதருக்குள் இடுப்பளவு நின்றாள். ஏழாவதில் முட்டிபோட்டு எடுத்தாள், எழுந்தபோது முட்டி இரண்டும் பச்சை.

ஒன்றைக் கண்டுபிடித்தாள். அக்கா மட்டையைத் தலைக்கு மேலே பின்னால் கொண்டுபோய், கீழே இறக்குவதற்கு முன்னால், கண் சிமிட்டும் நேரம் எல்லாம் நின்றுவிடும். மட்டை, கை, மூச்சு எல்லாம். அந்த நொடி அவளுக்குப் பழக்கமான நொடி. தன்னையறியாமல் முணுமுணுத்தாள்: "மூச்ச இழுத்துப் புடிங்க... அசையாதீங்க..." பொத்தானை அழுத்தினாள். "ஆங், விடலாம்." பந்து பறந்தது.

பக்கத்தில் நின்றிருந்தவர் ஒரு அடி தள்ளி நின்றுகொண்டார்.

*

ஒன்பதாவது குழி முடிந்ததும் மரநிழலில் ஒரு பெஞ்சு கிடைத்தது. வெயிலில் திரையில் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. இப்போதுதான் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.

முதல் படத்தில் அக்கா அழகாக இருந்தாள். கையில் மட்டைக்குப் பதில் ஒரு வில்.

அடுத்ததில் மட்டை ரப்பர் குழாய். அதற்கடுத்ததில் குடைக்கம்பி. அறுநூற்றுப் பதினான்கு படங்கள். அக்கா பந்தை அடிக்கும் படம் ஒவ்வொன்றிலும் மட்டை வளைந்து, நெளிந்து, துவண்டு கிடந்தது.

பிளாஸ்டரை நகத்தால் உரித்தாள். அடியில் ஃபிளாஷின் கையெழுத்து: *இரண்டு – வாய்.*

"டேய், எல்லாம் போச்சுடா," என்றாள் ஃபோனில். "எல்லா மட்டையும் வளைஞ்சு போச்சு. நான் மௌனத்துலயே பிளாஸ்டர் போட்டு ஒட்டிட்டேன்."

"பிளாஸ்டரா?" பின்னணியில் யாரோ மாப்பிள்ளையைத் தாடையைத் தூக்கச் சொன்னார்கள். "நான் இருபது வருஷம் இந்தத் தொழில் பண்ணினாலும் இப்படி ஒரு தப்பு பண்ணத் தோணாது. சரி, அழாத."

"அழல."

"மூக்கு கேக்குது. இன்னும் ஒன்பது குழி இருக்குல்ல? ரெண்டுல வச்சு எடு, பந்து போனப்புறம்."

அவள் பத்தாவது குழிக்கு ஓடினாள். வெள்ளைத் தொப்பிக்காரி மட்டும் நின்றிருந்தாள்.

"அக்காவா? ஒன்பதோட நிறுத்திக்கறேன்னு போயிட்டாளே. அசதியா இருக்காம்."

முதல்முறையாக ஆடப்போகும் மைதானம். பாதியைப் பார்க்காமல் எந்த ஆட்டக்காரியாவது போவாளா? சின்னவள் அழைத்தாள். அக்கா எடுத்தாள். "ஒண்ணும் இல்லடி, ரூம்ல படுத்திருக்கேன். படம் கெடச்சுதா?"

சின்னவள் தயங்கினாள். "கெடச்சுடும்."

அந்தப் பெஞ்சுக்கே திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஓடுவதை அந்தக் கேமரா வளைத்துவிடும். சரி. நிற்பதை? அவள் மறுபடி முதல் படத்திலிருந்து ஆரம்பித்தாள். இந்தத் தடவை, நின்ற நொடிகளை மட்டும் தேடினாள். முட்டியில் புல், மூக்கில் தண்ணீர், காலையில் தின்ற பிஸ்கட்டோடு சரி. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. நானூற்று முப்பத்திரண்டாவது படத்தில் அவள் விரல் நின்றது.

அக்கா. மட்டை தலைக்குப் பின்னால், உச்சியில். நூல் பிடித்த மாதிரி நேராக.

*

சாயங்காலம் ஐந்தரைக்கு, ஃபிளாஷ் பெரிதாக அச்சடித்துக் கொடுத்த நான்கு படங்களோடு வீட்டின் முன்னறைக்குள் நுழைந்தாள். அம்மாவின் தையல் அறை அதுதான். இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேஜை, ஆறு பேருடைய முடியாத சட்டைகள். அம்மா வாடிக்கையாளர் ஒருவருக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள். ஊசி பிடிக்கிற விரலுக்கு அந்தச் சின்ன எழுத்துகள் படியாது. அதனால் எப்போதும் ஃபோனிடம் பேசுவாள், அது எழுதிக்கொள்ளும்.

"கை அகலம் ரெண்டு அங்குலம் கொறைச்சாச்சு," என்று ஃபோனிடம் சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தாள். "பாரு, 'பை அகலம்'னு எழுதுது. செவிட்டு முண்டம்."

சின்னவள் படங்களை மேஜையில் பரப்பினாள். நான்கில் ஒன்று, ஃபிளாஷ் கேலிக்காகச் சேர்த்த வளைந்த மட்டை. அம்மாவின் கண் நேராக அதில்தான் போனது.

"குச்சி ஏன் இப்படிக் கோணிட்டிருக்கு? ஒடஞ்சிருச்சா?"

"இல்லம்மா. கேமரா வேலை. வேகமா ஓடறத அது தப்பாக் காட்டும். நிக்கறத மட்டும் சரியாக் காட்டும்."

"உங்கப்பா மாதிரி," என்றாள் அம்மா. அதைத் தள்ளிவிட்டு உச்சிப் படத்தை எடுத்தாள்.

வெகுநேரம் பார்த்தாள். மெஷினின் விளக்கைத் திருப்பி அதன் மேல் விழவைத்துப் பார்த்தாள். அக்காவின் கண் கீழே பந்தின் மேல் இருந்தது. உதடு லேசாக உள்ளே மடிந்திருந்தது. உலகத்தில் வேறெதுவும் இல்லாத மாதிரி ஒரு பார்வை.

"ஊசில நூல் கோக்கறப்ப நான் இப்படித்தான் உதட்டைக் கடிச்சுப்பேன்," என்றாள் அம்மா, படத்திடம் சொல்வதுபோல.

சின்னவள் மூச்சுவிடவில்லை. கிடைத்துவிட்டது. அறுநூற்றுப் பதினான்கில் ஒன்று. ஜெயித்தாகிவிட்டது.

ஆனால் அம்மா அடுத்த படத்தை எடுத்தாள். அக்கா அடிப்பதற்கு முன், மட்டையைத் தரையில் ஊன்றி நிற்கும் படம். அம்மாவின் புருவம் சுருங்கியது. மேஜையிலிருந்து வெள்ளை நூல் ஒன்றை இழுத்து, இரண்டு கைவிரல்களுக்கு நடுவே விறைப்பாகப் பிடித்து, படத்தில் ஒரு தோளிலிருந்து இன்னொரு தோள்வரை வைத்தாள்.

நூல் சாய்ந்திருந்தது.

"நான் ரெண்டு தோளும் ஒரே அளவுலதான் தச்சேன்."

"ஆடறப்ப அப்படித்தாம்மா இருக்கும். மட்டையப் பிடிக்கறப்ப வலது கை கீழ போகும்ல, வலது தோள் எறங்கும்."

"எறங்கும்."

"ஆமா."

"இது ஏறியிருக்கே."

சின்னவள் குனிந்து பார்த்தாள். நூல் அக்காவின் வலது தோள் பக்கம் உயர்ந்திருந்தது.

"கழுத்துலருந்து அக்குள் வரைக்கும் துணி இழுத்துட்டிருக்கு பாரு." அம்மாவின் விரல் ஒரு சுருக்கத்தின் மேல் ஓடியது. "ஒடம்பு தூக்கிப் பிடிச்சிருந்தாதான் துணி இப்படி இழுக்கும். இங்க அவ ஓடறாளா, நிக்கறாளா?"

"நிக்கறா."

"நிக்கறத கேமரா சரியாக் காட்டும்னு சொன்னியே."

அம்மா நான்காவது படத்தை இழுத்துப் பக்கத்தில் வைத்தாள். அக்கா நடந்துகொண்டே தண்ணீர் குடிக்கிறாள். பாட்டில் இடது கையில். வலது கை விலாவோடு ஒட்டியிருந்தது, ஊசி குத்தி வைத்த துணி மாதிரி.

"என் பொண்ணு இடது கையில தண்ணி குடிச்சு நீ பாத்திருக்கியா?"

காலையில் ஆட்டிய இடது கை. 'தோள்கிட்ட மட்டும் கொஞ்சம்.' பாதியில் நிறுத்திய ஆட்டம். நாளுக்கு நாற்பது பேருடைய எலும்பைப் பார்க்கிறவள், ஒரு காலைப்பொழுது முழுக்க அக்காவை நானூறு மில்லிமீட்டர் லென்ஸில் பார்த்திருக்கிறாள். பார்த்ததெல்லாம் மட்டையைத்தான்.

மேஜை மேல் அவளுடைய ஃபோன் அதிர்ந்தது. அவள் எட்டுவதற்குள் அம்மா குனிந்துவிட்டாள். அக்காவின் செய்தி பளிச்சென்று தெரிந்தது.

*உன் எக்ஸ்ரே ரூம் காலைல எத்தன மணிக்குத் தொறக்கும்? பதினொண்ணு நாப்பதுக்கு என் ஆட்டம். அதுக்குள்ள முடியுமா? அம்மாகிட்ட சொல்லாத.*

இருவரும் அதைப் படித்தார்கள். தெருவில் ஒரு வண்டி பின்னோக்கி நகரும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது.

"எத்தனை மணிக்குத் தொறக்கும்?" என்றாள் அம்மா.

"ஏழரை. ஆனா டாக்டர் சீட்டு இல்லாம எடுக்க முடியாதும்மா. டாக்டர் எட்டரைக்குத்தான்..."

"சீட்டை நான் வாங்கறேன். அவர் கோட்டுக்கு நாலு வருஷமா நான்தான் பொத்தான் வைக்கறேன்."

"அம்மா." சின்னவள் நான்கு படங்களையும் ஒன்றாக அடுக்கினாள். "நாளைக்கு நீ வர்றது அவ ஆட்டத்தப் பாக்கவா, தடுக்கவா?"

அம்மா தன் ஃபோனை எடுத்தாள். பெரியவளின் பெயரைத் தேடித் திறந்தாள். அங்கே கடைசிச் செய்தி மூன்று வருடம் பழையது: *சாப்ட்டியா.* பதில் இல்லாத கேள்வி. அம்மா ஃபோனை வாயருகே கொண்டுபோய், காது கேளாதவரிடம் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"ஏழரைக்குத் தொறக்கும். நானும் வரேன்."

ஃபோன் எழுதிக் காட்டியது. அம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தாள்.

*ஏழரைக்குத் தொறக்கும். நாளும் வரேன்.*

"தப்பா எழுதியிருக்கும்மா. குடு, திருத்தறேன்."

"எத்தன நாள் ஆட்டம்?"

"நாலு."

அம்மா திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இருக்கட்டும்," என்று சொல்லி அப்படியே அனுப்பினாள்.

செய்தி போய்ச் சேர்ந்தது. படித்தாகிவிட்டது என்றும் காட்டியது. அக்கா எதையோ எழுதத் தொடங்குவது தெரிந்தது. நின்றது. மறுபடி எழுதினாள். மறுபடி நின்றது.

பிறகு அம்மாவின் ஃபோன் மணி அடித்தது.

பழக்கதோஷத்தில் சின்னவள் கையை நீட்டினாள், தபாலை வாங்கிக்கொள்ள. மூன்று வருடமாக நீட்டும் கை.

அம்மா ஃபோனைத் தரவில்லை. காதில் வைத்தாள்.